அப்டேட் போட்டதும் போன் இழுக்குதா? தப்பு உங்க மேல மட்டும் இல்லைங்க

“அப்டேட் போட்டேனுங்க, அதுக்கப்புறம் போன் அப்படியே இழுத்துட்டு நிக்குது.” காந்திபுரம் கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு பக்கம் எந்த மொபைல் சர்வீஸ் கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றாலும் இந்தப் புலம்பல் காதில் விழும். நேற்று வரை நன்றாக ஓடிய போன், ராத்திரி அப்டேட் ஆகி, காலையில் கேமராவைத் திறக்க ஐந்து விநாடி எடுத்துக்கொள்கிறது. கீபோர்டு தட்டினால் எழுத்து பின்னாலேயே வருகிறது. கடைக்காரர் முன்னால் நின்று ஜிபே திறந்தால் வெள்ளைத் திரை மட்டும் சுற்றுகிறது. பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுகிறார்.

இதைச் சின்னத் தொந்தரவு என்று தள்ளிவிட முடியாது. சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்ப்பவருக்கு ஆபீஸ் லாகின் ஓடிபி வருவதும் அந்தப் போனில்தான். டெலிவரி ஓட்டும் தம்பிக்கு ஆர்டர் விழுந்த சில விநாடிகளுக்குள் ‘அக்செப்ட்’ அழுத்த வேண்டியதும் அதில்தான். நாமக்கல் லாரிக்காரர் ஃபாஸ்டாக் இருப்பு பார்ப்பதும், ஈரோட்டு மஞ்சள் வியாபாரி அன்றைய விலையை அனுப்புவதும், திருப்பூர் மெர்ச்சண்டைசர் சாம்பிள் படத்தை வெளிநாட்டு பையருக்குத் தட்டிவிடுவதும் அதிலேயேதான். அதிலும் பாதிப் பேருக்குப் போனின் இஎம்ஐ இன்னும் முடிந்திருக்காது. தவணை கட்டிக்கொண்டிருக்கும் பொருள், நாம் ஒன்றும் செய்யாமலேயே, வேறு ஒருவர் அனுப்பிய ஒரு ஃபைலால் மந்தமாகிறது என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

அந்தக் கோபம் மத்திய அரசு வரைக்கும் போயிருக்கிறது. ஐஓஎஸ் 18 வரிசை அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்களின் செயல்திறன் குறைந்துவிட்டதாகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்தன. அவற்றைப் பரிசீலித்த பின், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மூலமாக ஆப்பிள் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. 2025 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷியே இதைத் தெரிவித்தார். ‘போன் ஸ்லோ’ என்று நாம் டீக்கடையில் பேசுவது, அரசு நோட்டீஸ் அனுப்பும் அளவுக்கு ஒரு நுகர்வோர் பிரச்சினை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, போனுக்குள்ளே உண்மையில் என்னதான் நடக்குது?

முதல் மூன்று நாள்: கொஞ்சம் பொறுங்க

அப்டேட் முடிந்து போன் ஆன் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். போனுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

ஆண்ட்ராய்டு ஆப்கள் எல்லாமே ஒரு பொது வடிவத்தில்தான் நம் போனுக்கு வருகின்றன. போன் அதைத் தன் சிப்புக்குப் புரியும் மொழியில் மாற்றி வைத்துக்கொள்கிறது. நீங்கள் அடிக்கடி திறக்கும் ஆப் எது, அதில் எந்தப் பகுதியை அதிகம் தொடுகிறீர்கள் என்று பார்த்து, அந்தப் பகுதிகளை முன்கூட்டியே மொழிபெயர்த்தும் வைத்திருக்கும். பழகிய போன் வேகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆபரேட்டிங் சிஸ்டம் மாறியதும் பழைய மொழிபெயர்ப்பில் பெரும்பகுதி செல்லாமல் போய்விடுகிறது. திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். அதைப் போன் எப்போது செய்யும்? சும்மா கிடக்கும்போது, அதுவும் சார்ஜில் இருக்கும்போது. நாமோ அப்டேட் போட்ட உடனே ‘புதுசா என்ன வந்திருக்கு’ என்று நாள் முழுக்க நோண்டுகிறோம். அதற்கு நேரமே கொடுப்பதில்லை.

ஐபோனிலும் கதை இதுதான். கேலரியில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் முகங்களை அடையாளம் காண்பது, தேடலுக்கான பட்டியலைப் புதிதாகப் போடுவது என்று பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பேட்டரியும் சூடும் தற்காலிகமாகப் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. புதிய வசதிகள் சிலருக்குச் செயல்திறனைச் சற்றே குறைக்கலாம் என்பதையும் அதே இடத்தில் ஒப்புக்கொள்கிறது. அதைப் படித்துவிட்டா நாம் ‘இன்ஸ்டால்’ அழுத்துகிறோம்?

ஆகவே முதல் மருந்து ரொம்பச் சாதாரணமானது. இரண்டு மூன்று ராத்திரி வைஃபையில் இணைத்து, சார்ஜில் போட்டு, தொடாமல் விடுங்கள். ப்ளே ஸ்டோரில் எல்லா ஆப்களையும் அப்டேட் செய்யுங்கள். பழைய ஆப்பும் புது சிஸ்டமும் ஒத்துப்போகாமல் திணறுவது சகஜம். பிறகு ஒரு தடவை போனை முழுதாக அணைத்து ஆன் செய்யுங்கள். ‘ஸ்லோ’ என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடும். ஒரு வாரம் ஆகியும் அதே நிலை என்றால் மேலே படியுங்கள்.

மோட்டாருக்கு லோ வோல்டேஜ், போனுக்குப் பழைய பேட்டரி

பம்ப்செட் ஊரில் இதை விளக்குவது சுலபம். ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டார் இறக்கியிருக்கும் எவருக்கும் தெரியும், லோ வோல்டேஜில் மோட்டாரை ஓட்டினால் காயில் போய்விடும். அதனால்தான் ஸ்டார்ட்டரில் ரிலே இருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் அது ட்ரிப் ஆகி மோட்டாரைக் காப்பாற்றும்.

போனிலும் இதுதான் விஷயம். லித்தியம் பேட்டரி வயதாக ஆக, அதன் உள்தடை கூடுகிறது. சிப் திடீரென்று முழு வேகத்தில் மின்சாரம் இழுக்கும்போது பேட்டரியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. வோல்டேஜ் சட்டென்று இறங்கும், 30 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன் பொசுக்கென்று அணைந்துவிடும். இதைத் தடுக்க ஒரு வழி, சிப்பின் வேகத்தையே குறைத்துவிடுவது. ‘நீ அவ்வளவு இழுக்காதே’ என்று கட்டுப்படுத்துவது.

2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில் ஆப்பிள் இதைத்தான் செய்தது. பேட்டரி பழசான ஐபோன் 6 முதலான மாடல்களில் சிப்பின் உச்ச வேகம் குறைக்கப்பட்டது. ஆனால் போன் வைத்திருந்தவரிடம் அதை விளங்கும்படி யாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில்தான், பேட்டரி மாற்றியதும் தன் ஐபோன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டதாக ஒரு பயனர் இணையத்தில் எழுதினார். கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் குவிந்திருந்த சோதனை முடிவுகளை எடுத்துப் பார்த்தார். பழைய ஐஓஎஸ்ஸில் ஒரே இடத்தில் குவிந்திருந்த மதிப்பெண்கள், புது ஐஓஎஸ்ஸில் பல படிகளாகச் சிதறிக் கிடந்தன. மென்பொருளே வேகத்தைக் குறைக்கிறது என்பது வெட்டவெளிச்சமானது. ஆப்பிள் ஒப்புக்கொண்டது, அந்த மாதக் கடைசியில் வருத்தமும் தெரிவித்தது.

தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால் ஆப்பிள் செய்ததில் நியாயம் இருக்கிறது. நடுரோட்டில் போன் அணைந்துபோவதைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுவது தேவலாம். தப்பு, சொல்லாமல் செய்ததுதான். உங்கள் தோட்டத்து மோட்டாரின் வேகத்தை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வந்து குறைத்துவிட்டு, “மோட்டார் பழசாயிடுச்சுங்க, புதுசு வாங்கிக்கோங்க” என்று சொன்னால் சும்மா விடுவீர்களா? 79 டாலர் பேட்டரி மாற்றினால் சரியாகிவிடும் என்பதை மறைத்தால், அந்த இடத்தில் 700 டாலர் போன் விற்கும். மக்களின் சந்தேகம் அங்கேதான் இருந்தது.

பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக ஆப்பிள் குறைத்தது. இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்தது வரி தனியாக 2,000 ரூபாய்க்கு வந்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3இல் பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பயனரே பார்க்கும் வசதியும் வந்தது. இப்போது நீங்கள் செட்டிங்ஸில் சதவீதம் பார்க்கிறீர்களே, அது சும்மா வந்ததில்லை. பிரான்ஸ் அரசு 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பயனர்கள் தொடுத்த வழக்கை 50 கோடி டாலர் வரை கொடுத்துத் தீர்த்துக்கொள்ள ஆப்பிள் சம்மதித்தது.

இதில் ரசிக்கத்தக்க ஒரு பின்கதை உண்டு. 2019 ஜனவரி 2 அன்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஐபோன் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லாததற்கான காரணங்களில் ஒன்றாக, மலிவு விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டவர்களையும் டிம் குக் குறிப்பிட்டார். பேட்டரியை மாற்றினால் புதுப்போன் தேவைப்படாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

எனவே போன் வாங்கி இரண்டு, மூன்று வருஷம் ஆகியிருந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி பகுதியில் ‘பேட்டரி ஹெல்த்’ இருக்கும். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சாம்சங் போனில் ‘சாம்சங் மெம்பர்ஸ்’ ஆப்பில் டயக்னாஸ்டிக்ஸ் பகுதி பேட்டரியின் நிலையைச் சொல்லும். மற்ற போன்களில் சர்வீஸ் சென்டரில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். வெளிக்கடையில் பேட்டரி மாற்றுவது தப்பில்லை, ஆனால் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று பேர் தெரியாத பேட்டரியைப் போட்டால் வாங்கிய சுருக்கில் உப்பிக்கொண்டு நிற்கும். எந்த பேட்டரி போடுகிறார், எத்தனை மாசம் வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். புது ஐபோன்களில் ஒரிஜினல் அல்லாத பேட்டரி போட்டால் ‘உறுதிசெய்ய முடியவில்லை’ என்று போனே காட்டிக்கொடுக்கும்.

‘குட் மார்னிங்’ படங்களும் அடைசலும்

சித்தப்பா அனுப்பும் காலை வணக்கம் படத்தைக் கேலி செய்ய இந்தப் பத்தியை எழுதவில்லை. ஆனால் நாலு குடும்பக் குரூப், ரெண்டு அபார்ட்மென்ட் குரூப், ஒரு காலேஜ் பேட்ச் குரூப் என்று இருக்கும் போனில் வாட்ஸ்அப் மட்டுமே 20 ஜிபி பிடித்திருப்பது அதிசயமில்லை.

போனில் இருக்கும் சேமிப்பு ஃபிளாஷ் வகை. அதில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். காலி இடம் நிறைய இருந்தால் இந்தச் சுத்தம் பின்னணியில் சத்தமில்லாமல் நடக்கும். இடமே இல்லையென்றால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் இங்கிருந்து அங்கே நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். சாமான் நிறைந்த குடோனில் ஒரு மூட்டை உள்ளே வைக்க நாலு மூட்டையை வெளியே எடுத்து வைப்பது மாதிரி. புது அப்டேட் பழையதைவிடப் பெரிதாக இருப்பதால் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இடமும் போய்விடுகிறது. அப்டேட்டுக்கு முன்பே போன் விளிம்பில்தான் நின்றிருக்கும். அப்டேட் அதைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். விலை குறைந்த போன்களில் வரும் இஎம்எம்சி வகைச் சேமிப்பில் இந்த வலி கூடுதலாகத் தெரியும்.

மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேல் இருப்பவை என்று பிரித்தே காட்டும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சில ஜிபி மீளும். கூடவே வாட்ஸ்அப்பில் ‘ஆட்டோ டவுன்லோடு’ வசதியையும் நிறுத்தி வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விளம்பரத் தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘8 ஜிபி + 8 ஜிபி ரேம்’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த இரண்டாவது 8 ரேமே இல்லை, சேமிப்பில் ஒரு பகுதியை ரேம் போல நடிக்க வைப்பது. சேமிப்பு ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. ஏற்கெனவே சேமிப்பு நிறைந்து திணறும் போனில் இந்த வசதி உதவுவதைவிட உபத்திரவமே அதிகம் செய்யலாம். பல போன்களில் செட்டிங்ஸில் இதை அணைக்க முடியும். அணைத்து ரீஸ்டார்ட் செய்து ஒரு நாள் பாருங்கள். அதேபோல ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்று ப்ளே ஸ்டோரில் கிடக்கும் ஆப்களைத் தொடவே வேண்டாம். போனை வேகமாக்க வந்த ஆப் தானும் ரேமில் உட்கார்ந்து விளம்பரம் காட்டிக்கொண்டிருக்கும். நிமிஷத்துக்கு ஒருதரம் எல்லா ஆப்பையும் தள்ளித் தள்ளி மூடும் பழக்கமும் வீண். மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் போனுக்கு அதிக உழைப்பு.

வெயிலும் ஒரு காரணம்

ஐபோன் பயன்படுத்த உகந்த சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் சொல்கிறது. இதை ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே சித்திரை மாதம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். கோவைக் காற்று கொஞ்சம் இதம் என்றாலும், பைக் ஹேண்டில் பாரில் ஸ்டாண்டு மாட்டி, மேப்ஸ் ஓடவிட்டு, முழு வெளிச்சத்தில், சார்ஜும் போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டில் மத்தியானம் போகும் போனின் கதியை நினைத்துப் பாருங்கள். சூடு ஒரு அளவைத் தாண்டினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்டேட் முடிந்த முதல் சில நாட்களில் பின்னணி வேலையால் உள்ளேயும் சூடு, வெளியேயும் வெயில் என்றால் கேட்கவே வேண்டாம். கோடையில் பெரிய அப்டேட் வந்தால் வெள்ளி ராத்திரி வீட்டில் போடுங்கள். வேலை நாள் மத்தியானம் வேண்டாம்.

குற்றவாளி அப்டேட்தானா?

இது முக்கியமான கேள்வி. 2021 மார்ச் மாதம் ஒரு நாள் உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. சிலர் போனையே ரீசெட் செய்துவிட்டார்கள். காரணம் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்ற சின்ன உள்பாகத்தில் வந்த ஒரு தவறான அப்டேட். கூகுள் சரிசெய்து புதியதை அனுப்பியதும் எல்லாம் பழையபடி ஆனது. பழி பெரிய அப்டேட் மேல் விழும், பிழை சின்ன ஆப்பில் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி சேஃப் மோடு. ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் ‘பவர் ஆஃப்’ என்பதை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோடு கேட்கும். அதில் நீங்கள் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாது. அப்போது போன் பறக்கிறது என்றால் சிஸ்டம் நல்லது, ஏதோ ஒரு ஆப்தான் வில்லன். பேட்டரி பகுதியில் எந்த ஆப் அதிகம் தின்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது உங்களுக்கே தெரியாத ஒரு ஆப் தென்பட்டால் உஷாராகுங்கள். டிராஃபிக் அபராதம் கட்டச் சொல்லியும், பிஎம் கிசான் பணம் வருவதாகச் சொல்லியும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை அப்பாவோ அம்மாவோ தொட்டிருக்கலாம். போன் மந்தமாவது அதன் சின்ன விளைவு. எஸ்எம்எஸ் படித்து ஓடிபி திருடுவதுதான் அதன் வேலை. உடனே நெட்டைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930க்குக் கூப்பிடுங்கள், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

அனிமேஷனைக் குறைத்தால் போன் வேகமாகும் என்று யூடியூபில் நிறைய பேர் சொல்கிறார்கள். உண்மையில் வேகம் கூடுவதில்லை, கூடியதுபோலத் தோன்றும். அதுவும் நிம்மதிதான். ஆனால் அதற்காக டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து வைத்தால் சில வங்கி ஆப்கள் வேலை செய்ய மறுக்கும். அக்ஸசிபிலிட்டி பகுதியிலேயே அனிமேஷனை நீக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது. ஐஓஎஸ் 26இல் கண்ணாடி போன்ற தோற்றம் உறுத்தினால் ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்ஸி’யையும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

ஃபேக்டரி ரீசெட் கடைசி ஆயுதம். வேலை செய்யும், ஆனால் பேக்கப் இல்லாமல் செய்தால் இழப்பு பெரிது. படங்களைப் பற்றி எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். ஆபீஸ் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் இருக்கும் கோடுகளை மறந்துவிடுகிறோம். ரீசெட் செய்த திங்கட்கிழமை காலை ஆபீஸ் லேப்டாப்பில் நுழைய முடியாமல் ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டுக் காத்திருக்க நேரும்.

அப்படியானால் அப்டேட்டே போடாம இருந்துக்கலாமா?

பலரின் முடிவு இதுதான். “நல்லா ஓடுறதை எதுக்குங்க தொடணும்?” நியாயமான பயம். 2019இல் இந்தியாவில் வந்த ஷாவ்மியின் மி ஏ3 போனுக்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்தபோது என்ன நடந்தது? அதைப் போட்ட பலரின் போன் மறுபடி ஆன் ஆகவே இல்லை, செங்கல்லாகிவிட்டது. 2021 தொடக்கத்தில் நிறுவனம் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. ஒன்பிளஸ், சாம்சங் போன்களில் அப்டேட்டுக்குப் பின் திரையில் பச்சைக் கோடு விழுந்ததாக நாடு முழுக்கப் புகார் எழுந்து, குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றிக்கொடுத்ததும் நடந்தது.

ஆனாலும் அப்டேட்டை நிரந்தரமாகத் தள்ளிப்போடுவது ஆபத்து. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஓட்டைகள் பற்றி அடிக்கடி எச்சரிக்கை விடுவது சும்மா இல்லை. மொத்த வங்கிக் கணக்கும் இருக்கும் கருவியில் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது போன்றது அது. சிக்கல் என்னவென்றால், கதவுக்குப் பூட்டு வேண்டும் என்றால் வீட்டின் வாசலையும் வர்ணத்தையும் சேர்த்து மாற்றிக்கொள் என்கிறார்கள். பாதுகாப்புத் திருத்தம் எல்லோருக்கும் தேவை. புதுத் தோற்றமும், புது ஏஐ வசதியும் ஐந்து வருஷப் பழைய சிப்புக்குத் தேவையில்லை. பல நேரம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறார்கள். போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் வழியில்லை. ஆப்பிள் சில வாரங்களில் பழைய ஐஓஎஸ்ஸை ஏற்பதை நிறுத்திவிடுகிறது. ஆண்ட்ராய்டில் பழையதற்குப் போவது சாமானியர் செய்யக்கூடிய வேலையாக இல்லை.

இத்தாலியின் போட்டி ஆணையம் இதைத்தான் 2018 அக்டோபரில் பிடித்தது. நோட் 7க்காகத் தயாரான மென்பொருளை நோட் 4 வைத்திருந்தவர்கள் மேல் திணித்ததற்காக சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ, ஐபோன் 7க்கான ஐஓஎஸ் 10ஐ ஐபோன் 6காரர்கள் மேல் திணித்ததற்கும் பேட்டரி பற்றிச் சரியாகச் சொல்லாததற்கும் சேர்த்து ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம். அந்த நிறுவனங்களுக்கு இது சில்லறைக் காசு. ஆனால் ‘அப்டேட்டும் ஒரு வணிக நடவடிக்கைதான், அதற்கும் பொறுப்புண்டு’ என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலில் இருக்கும் விதிகளின்படி, ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும்.

இந்தியாவில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பரிலேயே தொடங்கப்பட்டது. ஒரு போனை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் கொடுக்கும் குறியீட்டுக்கான குழுவும் 2025 மே மாதம் தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த மதிப்பெண் திருப்புளியோடும் உதிரிபாகத்தோடும் நின்றுவிடக் கூடாது. பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகத் தர வேண்டும். பெரிய அப்டேட்டுக்குப் பின் முப்பது நாளாவது பழையதற்குத் திரும்பும் பொத்தான் வேண்டும். ‘உங்கள் மாடலில் வேகம் இவ்வளவு குறையலாம்’ என்பதை இன்ஸ்டால் பொத்தானுக்கு மேலேயே, தமிழில், எழுத வேண்டும். சாம்சங்கும் கூகுளும் தங்கள் உயர்ரகப் போன்களுக்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று பெருமையாக விற்கும் காலம் இது. ஏழாவது ஆண்டு அப்டேட் வந்தபின் அந்தப் போன் நடக்குமா, தவழுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாக்குறுதிக்கு மதிப்பு. ஆட்டுக்கல்லைக் கொத்திக் கொத்தித் தலைமுறை தாண்டி ஓட்டிய, மோட்டார் காயிலைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பயன்படுத்திய மண்ணில், நாலு வருஷப் போனை ‘ஓல்டு மாடலுங்க’ என்று தூக்கிப் போடச் சொல்வதை ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

புகார் எப்படிக் கொடுப்பது?

அப்டேட் போடும் முன்பே ஒரு வேலை: தற்போதைய வெர்ஷன் எண், பேட்டரி ஹெல்த், காலி இடம், இந்த மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். அப்டேட்டுக்குப் பின் மந்தமானால் அதை வீடியோவாக எடுங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போனால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள், ‘அப்டேட்டுக்குப் பிறகு ஸ்லோ’ என்று எழுதிய ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். “சாஃப்ட்வேர் பிரச்சினை, ஒண்ணும் பண்ண முடியாது” என்றால் அதையும் எழுதியே தரச் சொல்லுங்கள். அங்கேதான் பல பேர் பேச்சை மாற்றுவார்கள்.

பிறகு 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஐஓஎஸ் நோட்டீஸுக்கே அடித்தளம் இந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள்தான் என்பதை மறக்க வேண்டாம். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுக்கும் அந்த தெர்மல் பேப்பர் ஆறு மாசத்தில் வெளுத்துவிடும், இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.